கொடிகாமம் என்று எழுதிப் பாருங்கள்: குறும்படக்காரருக்கு ஏற்ற எடிற்றிங் சொஃப்ட்வெயார்

குறும்படம் எடுக்கத் தொடங்குகிற ஆக்கள் எடிற்றிங் சொஃப்ட்வெயாரைத் தெரிவது அனேகமாக யூரியூப் ஒப்பீடுகளைப் பார்த்துத்தான். அங்கே கதைக்கிறவர் 32 ஜி.பி ராமும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தலைப்புப் போடுகிறார். உங்களிடம் இருப்பது யாரோ பாவித்த ஐ5 லப்ரொப், போனில் எடுத்த கிளிப்புகள், தமிழில் ஒரு தலைப்பு. இந்த மூன்றோடும் எது ஒத்துப்போகிறதோ அதைத்தான் எடுக்கவேண்டும். எத்தனை டிரான்சிஷன் இருக்கிறது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

தமிழில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் கடைசி நாளில் கண்டுபிடிக்கிறார்கள். எந்தச் சொஃப்ட்வெயாரைப் போட்டாலும் ஒரு கிளிப்பையும் வெட்டமுதல் தலைப்புக் கருவியைத் திறந்து 'கொடிகாமம்' என்று அடியுங்கள். அடுத்த வரியில் 'முகமாலை'. அதன் கீழ் 'ஸ்ரீ'. யூனிகோட்டில் 'கொ' என்பது முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கிக் ககரத்துக்கு முன்னால் வைப்பது சொஃப்ட்வெயாரின் வேலை. அது தெரியாத நிரலில் கொம்பு ககரத்துக்குப் பின்னால், புள்ளி வட்டம் ஒன்றோடு நிற்கும். 'மு' சேராமல் மகரம் தனியே, உகரக் குறி தனியே கிடக்கும். 'ஸ்ரீ' இரண்டாகப் பிரியும். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினாலும் இது திருந்தாது, பிழை எழுத்துருவில் இல்லை.

கேடென்லைவ், ஷொட்கட் என்ற இரண்டு எடிற்றிங் சொஃப்ட்வெயாரும் கியூட்டி என்ற கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டவை. அதற்குத் தமிழைக் கோர்க்கத் தெரியும், இரண்டிலும் வில்லங்கம் இல்லை. அடோபி பிறீமியரில் பிறிபரன்சஸ் போய், கிராபிக்ஸ் பகுதியில் 'சவுத் ஏசியன் அன்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்பதைத் தெரிந்துவிட்டுத் தலைப்பைப் புதிதாக அடிக்கவேண்டும். டாவின்சி ரிசோல்வில் 'ரெக்ஸ்ற்' ஒரு கருவி, 'ரெக்ஸ்ற் பிளஸ்' இன்னொன்று. ஒன்றில் சரியாக வந்தது மற்றதிலும் வரும் என்று நம்பவேண்டாம், இரண்டிலும் கொடிகாமத்தை எழுதிப் பாருங்கள்.

உடைந்து வந்தால் இரண்டு வழி. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் 1920க்கு 1080 அளவில், பின்னணி இல்லாமல் தலைப்பைச் செய்து பி.என்.ஜி படமாக எடுத்து ரைம்லைனில் மேல் அடுக்கில் வைப்பது ஒன்று. மற்றது எங்கள் பழைய பாமினி எழுத்துரு, அது யூனிகோட் இல்லை. பாமினியில் கொம்பை நாங்களே முதலில் அடிக்கிறோம், ஆகவே எந்தச் சொஃப்ட்வெயாரும் அதைக் குழப்பாது. ஆனால் அந்தப் புரொஜெக்டைப் பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். உபதலைப்புக்குப் பாமினி கூடவே கூடாது. எஸ்.ஆர்.டி கோப்பு யூனிகோட்டில் இருக்கவேண்டும், நோட்பாட்டில் சேமிக்கும்போது 'யூ.டி.எஃப்-8' தெரிந்திருக்கவேண்டும். 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பி வராது.

அடுத்தது இயந்திரம். விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ராஸ்க் மனேஜர் வரும். அதில் 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தில் ராம் எவ்வளவு, தனிக் கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறதா, அதற்கு 'டெடிகேட்டட்' மெமரி எவ்வளவு என்று மூன்று விஷயம் பாருங்கள். 16 ஜி.பி ராமும் 4 ஜி.பி மெமரியுள்ள தனிக் கார்டும் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பை எடுங்கள். வெட்டு, நிறம், ஒலி எல்லாம் ஒரே இடத்தில், வாட்டர்மார்க் இல்லாமல் கிடைக்கும். அல்ட்ரா எச்.டி, அதாவது 3840க்கு 2160 வரை வெளியே எடுக்கலாம். 295 டொலர் கொடுத்து வாங்கும் ஸ்ரூடியோ பதிப்பு முதற்படத்துக்குத் தேவையில்லை.

8 ஜி.பி ராமும் இன்டெல்லின் உள்ளக கிராபிக்ஸும் மட்டும் என்றால் ரிசோல்வ் திறக்கும், ஓடவும் செய்யும், நிறம் திருத்தத் தொடங்கியதும் 'ஜி.பி.யூ மெமரி நிரம்பிவிட்டது' என்று நிற்கும். அங்கே கேடென்லைவ்தான் சரி. இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். பார்க்கக் கொஞ்சம் அழகில்லாமல் இருக்கும், நிறம் திருத்துவதில் ரிசோல்வுக்குக் கிட்டவும் வராது. ஆனால் 15 நிமிடக் குறும்படத்தை ஆறுதலாக வெட்டி முடிக்க அது போதும். 4 ஜி.பி லப்ரொப்பில் மல்லுக்கட்டுவதைவிட போனிலேயே வி.என் செயலியில் வெட்டுவது மேல். இலவசமாக, வாட்டர்மார்க் இல்லாமல் தரும். நாலைந்து ஒலி அடுக்கு வைத்துச் செய்வதற்குத்தான் போன் திரை காணாது. காப்கட்டைப் பற்றி ஒரு வரி: நேற்று இலவசமாக இருந்த எஃபெக்ட் இன்று காசு கேட்கும், எக்ஸ்போர்ட் அழுத்தும்போதுதான் அது தெரியவரும்.

கிராக் செய்த பிறீமியரைப் பென் ட்ரைவில் கொண்டு வந்து தர ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. 'முதலில் அன்ரிவைரஸை நிற்பாட்டு' என்று அதில் எழுதியிருக்கும். அந்த வரியைப் பார்த்த பிறகும் போடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வெயர் புகுந்தால் போவது சொஃப்ட்வெயார் மட்டுமல்ல, படம்பிடித்த கோப்புகளும் சேர்த்துத்தான். செலவழிக்கக் காசு இருந்தால் இன்னொரு 8 ஜி.பி ராமும் ஒரு எஸ்.எஸ்.டியும் போடுங்கள். எந்தக் கட்டணச் சொஃப்ட்வெயாரையும்விட வேகம் அதில்தான் கிடைக்கும்.

இனிக் கிளிப்புகள். சொஃப்ட்வெயார் சரியில்லை என்று திட்டு வாங்கும் இடங்களில் பாதி உண்மையில் கோப்பின் பிழை. மீடியாஇன்ஃபோ என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. உங்கள் கிளிப் ஒன்றை அதில் போட்டு நாலு வரி வாசியுங்கள்: ஃபோர்மட் ஏ.வி.சியா (எச்.264 என்பதும் இதுதான்) எச்.இ.வி.சியா, பிறேம் ரேட் மோட் 'கொன்ஸ்ரன்ற்'ஆ 'வேரியபிள்'ஆ, பிட் டெப்த் (நிறம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது என்பது) எட்டா பத்தா, குரோமா (நிறத் தகவல் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பது) 4:2:0ஆ 4:2:2ஆ.

போன் கிளிப் பெரும்பாலும் 'வேரியபிள்' என்று காட்டும். போன் 30 பிறேம் என்று சொன்னாலும் வெளிச்சமும் சூடும் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். 10 நிமிட நேர்காணல் ஒன்றில் சராசரி 29.9 வந்தது என்று வையுங்கள். அதில் 17,940 பிறேம் இருக்கும். அதை எடிற்றர் சரியாக 30 என்று எண்ணி ஓட்டினால் படம் 598 செக்கனில் முடிந்துவிடும், சத்தமோ 600 செக்கன். தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தி, முடிவில் இரண்டு செக்கன் விலகி நிற்பது இதனால்தான். ஒலியை இழுத்து இழுத்துப் பொருத்துவது வீண் வேலை. ஹான்ட்பிறேக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் கிளிப்பைப் போட்டு, வீடியோ பக்கத்தில் பிறேம் ரேட்டை 30 ஆக்கி, 'கொன்ஸ்ரன்ற்' தெரிந்து, தரத்தை ஆர்.எஃப் 18 என்று வைத்து மாற்றுங்கள். பிறகு மாற்றிய கோப்பைத்தான் எடிற்றருக்குள் கொண்டு போகவேண்டும். ஷொட்கட் இப்படியான கிளிப்பைக் கண்டால் தானே 'மாற்றவா' என்று கேட்கும், கேட்டால் ஓம் சொல்லுங்கள்.

கிளிப் சிக்கிச் சிக்கி ஓடினால் அனேகமாக அது எச்.இ.வி.சி. கோப்பு சிறியது, பிரித்து ஓட்டப் பாரம். ஐபோனில் செட்டிங்ஸ், கமெரா, ஃபோர்மட்ஸ் போய் 'மோஸ்ற் கொம்பாட்டிபிள்' என்று வைத்தால் எச்.264 கிடைக்கும். 1080 பிக்சல், 30 பிறேமில் நிமிடத்துக்கு 60 எம்.பி எடுத்தது 130 எம்.பி அளவுக்குப் போகும். போனில் இடத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் புரொக்சி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் ஒரு சிறிய நகல், செய்யவேண்டும். ரிசோல்வில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஜெனரேட் புரொக்சி மீடியா' வரும். கேடென்லைவில் புரொஜெக்ட் அமைப்பில் புரொக்சியை இயக்கிவிட்டால் தானாகச் செய்யும். சிறிய நகலில் வெட்டுவீர்கள், எக்ஸ்போர்ட் அசலில் இருந்து போகும். நல்ல கமெராவில் 10 பிட் 4:2:2 எச்.264 எடுத்தவர்களுக்கு ரிசோல்வ் இலவசப் பதிப்பு விண்டோஸில் படத்துக்குப் பதில் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்புத் திரையைக் காட்டும். ஷட்டர் என்கோடர் என்ற மாற்றும் நிரலில் டி.என்.எக்ஸ்.எச்.ஆர் எச்.கியூ.எக்ஸ் என்ற வடிவத்துக்கு மாற்றினால் திறக்கும், வன்தட்டு பல மடங்கு நிரம்பும். ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் விடும் பிழை: நண்பரின் போனில் எடுத்ததை வட்சப்பில் வீடியோவாக வாங்காதீர்கள், அது நசித்துத்தான் அனுப்பும். கேபிளில் எடுங்கள், இல்லாவிட்டால் 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பிறேம் ரேட்டை முதல் கிளிப்பை உள்ளே போடமுதல் முடிவுசெய்யுங்கள். ரிசோல்வில் கிளிப் உள்ளே வந்த பிறகு புரொஜெக்டின் பிறேம் ரேட் பூட்டப்பட்டுவிடும். எல்லாம் போனில் 30இல் எடுத்தது என்றால் 30இலேயே வெட்டுங்கள். 30ஐ 25ஆக மாற்றினால் கமெரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் துள்ளும். இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ரியூப்லைற் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். போனின் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். 1/60 வைத்தால் வீட்டு ஹோலுக்குள் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். ரிசோல்வில் அதை அழிக்கும் 'டீஃப்ளிக்கர்' ஸ்ரூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. ஒலியையும் எடுக்கும்போதே சரியாக எடுக்கவேண்டும். தவில் அடிக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பிளந்துபோன சத்தத்தை எந்தச் சொஃப்ட்வெயாரும் ஒட்டாது. பண்ணைக் கடற்கரைக் காற்றின் உறுமலை மட்டும் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிக் கொஞ்சம் அடக்கலாம்.

கேடென்லைவில் புரொஜெக்ட் என்பது கையில் பிடிக்கக்கூடிய ஒரு கோப்பு. ரிசோல்வில் அப்படியில்லை, எல்லாம் அதன் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. 'கிளிப் எல்லாம் வெளி ட்ரைவில் பத்திரமாக இருக்கிறது' என்று நினைத்து விண்டோஸைத் திரும்பப் போட்டவர்களுக்குக் கிளிப் மிஞ்சும், வெட்டிய வேலை போய்விடும். ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் புரொஜெக்ட் மனேஜரில் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் புரொஜெக்ட்' கொடுத்து, வரும் டி.ஆர்.பி கோப்பைக் கிளிப்புகளோடு வையுங்கள். புதிய பதிப்பில் திறந்த புரொஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. இருவர் சேர்ந்து வெட்டினால் இருவரும் ஒரே பதிப்பில் நில்லுங்கள், படம் முடியும்வரை அப்டேட் கேட்டாலும் வேண்டாம்.

எக்ஸ்போர்ட்டுக்கு 1080 பிக்சல், 25 அல்லது 30 பிறேம் என்றால் யூரியூப் பரிந்துரைப்பது செக்கனுக்கு 8 மெகாபிட். 15 நிமிடப் படம் 900 எம்.பி அளவில் வரும், டேட்டா கார்ட்டில் ஏற்றுகிறவர்கள் கணக்குப் பார்க்கலாம். எம்.பி.4 கோப்பில் எந்தப் பிறேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும், ஆகவே 90 வீதத்தில் கரண்ட் போனால் எழுதிய 90ம் திறக்காது. லப்ரொப்பின் பற்றரி செத்திருந்தால் யூ.பி.எஸ் இல்லாமல் எக்ஸ்போர்ட் தொடங்காதீர்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா போன்ற விழாக்களுக்கு அனுப்புவதென்றால் அவர்கள் கேட்கும் வடிவத்தை முதலே வாசியுங்கள். டி.சி.பி, அதாவது தியேட்டர் புரொஜெக்டருக்கான கோப்புத் தொகுதி, கேட்டால் டி.சி.பி-ஓ-மற்றிக் என்ற இலவச நிரலில் வீட்டிலேயே செய்யலாம்.

ஊர் மண்டபத்தில் திரையிடக் கொண்டு போகிறவர்கள் பென் ட்ரைவை எக்ஸ்-ஃபாற்றில் ஃபோர்மட் பண்ணுங்கள். ஃபாற்-32இல் 4 ஜி.பிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அங்கே இருப்பது பழைய ரீவி என்றால் எக்ஸ்-ஃபாற்றையே அது வாசிக்காமல் விடலாம். அதற்கு ஃபாற்-32இல், 4 ஜி.பிக்குள் அடங்கும் எச்.264 நகல் ஒன்றை இன்னொரு பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டு, முதல் நாளே போய்ப் போட்டுப் பாருங்கள்.