ஷேர்பாயிண்ட்டில் ஆவண அடையாள எண்ணை இயக்கிய அனுபவம்

ஆவணங்களைச் சேமித்துப் பகிர உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஷேர்பாயிண்ட்டில் எங்கள் குழுவுக்கென உள்ள தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்த முதல் மாதத்திலேயே ஒரு புகார் வந்து சேர்ந்தது. ஒப்பந்த ஆவணங்களை ஒரு நூலகத்திலிருந்து (தளத்தில் கோப்புகளை வைக்கும் பகுதி) இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம், மின்னஞ்சலில் ஏற்கெனவே அனுப்பிய இணைப்புகள் பயனற்றுப் போகின்றன என்பதே அது. இதற்காக வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. தளத் தொகுப்புக்குள் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் தளங்களின் கூட்டம்) ஆவணம் எங்கே போனாலும் மாறாத அடையாள எண்ணையும் அதை வைத்து அமையும் இணைப்பையும் தரும் 'டாகுமெண்ட் ஐடி சர்வீஸ்' என்ற கூடுதல் வசதி, இயக்கப்படாமல் ஷேர்பாயிண்ட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆனால் தள அமைப்புகளில் 'சைட் ஃபீச்சர்ஸ்' பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தும் அது கண்ணில் படவில்லை. இத்தகைய வசதிகளில் சில தனித் தளத்துக்கு மட்டும் உரியவை. சில தளத் தொகுப்பு முழுவதற்கும் உரியவை என்பதால் 'சைட் கலெக்ஷன் ஃபீச்சர்ஸ்' என்ற வேறு பட்டியலில் இருக்கின்றன. தள உரிமையாளராக மட்டும் இருந்த எனக்கு அந்தப் பட்டியலே காட்டப்படவில்லை. தளத் தொகுப்பு நிர்வாகியாக என்னைச் சேர்க்கச் சொல்லி ஒப்புதல் பெறுவதற்குத்தான் உண்மையில் நாள்கள் பிடித்தன. பொத்தானை அழுத்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

அழுத்தியவுடன் எண்கள் வந்துவிடும் என்று நினைத்தது என் அவசரம். பழைய ஆவணங்களுக்குப் பின்னணிப் பணி ஒன்றுதான் எண் வழங்குகிறது. அது முடியும்வரை ஆவணப் பட்டியலில் அடையாள எண்ணுக்கான நெடுவரிசை காலியாகவே கிடந்தது. எண்கள் வந்த பிறகு, அவற்றின் தொடக்கத்தில் தானாக அமைந்த முன்னொட்டு பார்ப்பதற்குப் பொருளற்ற எழுத்துக்கோவையாக இருந்ததால், 4 முதல் 12 எழுத்துகளுக்குள் எங்கள் பிரிவின் சுருக்கப் பெயரை இட்டேன். அதற்குக் கீழே, ஏற்கெனவே உள்ள எண்களையும் புதிய முன்னொட்டுக்கு மாற்றவா என்று கேட்கும் சிறு கட்டத்தையும் யோசிக்காமல் தேர்வு செய்துவிட்டேன். இடைப்பட்ட இரண்டு நாள்களில் பழைய எண்ணோடு அனுப்பியிருந்த இணைப்புகள் திறக்காமல் போயின. எந்தப் புகாரைத் தீர்க்க வந்தேனோ அதையே நானே உண்டாக்கியிருந்தேன். முன்னொட்டை முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

இணைப்புகளை மீண்டும் அனுப்பிய பின் ஒரே ஒரு சிக்கல் எஞ்சியது. சிலர் கோப்பை நகர்த்தாமல், நகலெடுத்துவிட்டு மூலத்தை நீக்கி வந்தார்கள். நகலுக்கோ புதிய எண் விழுந்துவிடுகிறது. 'நகலெடுக்காதீர்கள், நகர்த்துங்கள்' என்று நூலகத்தின் விளக்கக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.