தம்பி கல்யாணமும் 240 பவுண்டு ஃபைனும்: இரண்டு லேட் மார்க் செய்த வேலை

பணம் கட்டி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. இங்கிலாந்தில் டெர்ம் நடக்கும்போது பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போனால் ஃபைன் வரும் என்று தெரியாமல் நான் போகவில்லை. கணக்குப் போட்டுத்தான் போனேன். அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிக்குத் தையில் கல்யாணம். "ஸ்கூல் லீவில் வைக்கக் கூடாதா?" என்று இங்கே கேட்காத ஆள் இல்லை. கோடை லீவில் பாதிக்கு மேல் ஆடியில் போய்விடுகிறது, கிறிஸ்துமஸ் லீவு முழுக்க மார்கழி. நம் வீடுகளில் கல்யாணமே வைக்காத இரண்டு மாதங்களில்தான் இங்கே பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. பிப்ரவரி ஹாஃப் டெர்ம் ஒரே ஒரு வாரம், அதற்குள் பெண் வீட்டாருக்குத் தோதான முகூர்த்தம் அமையவில்லை. மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார் நான், எப்படிப் போகாமல் இருப்பது?

ஆறு பள்ளி நாட்களுக்கு லீவு கேட்டு ஃபாரம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விழா' என்று மட்டும் எழுதி, தமிழ் அழைப்பிதழைப் படம் எடுத்து இணைத்தேன். இரண்டே நாளில் மறுத்துவிட்டார்கள். வகுப்பு டீச்சர் அதற்கு முன்பே "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார், அதை அனுமதி என்று நம்பி டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. டீச்சர் சொல்வது செல்லாது, அனுமதி தருகிற அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு மட்டும்தான், அதுவும் 'விதிவிலக்கான சூழ்நிலை' என்று அவருக்குத் தோன்றினால்தான். போய் வந்த பிறகு கேட்டால் கிடைக்கவே கிடைக்காது. மறுபடி எழுதினேன். மணமகனின் சொந்த அக்கா, தாலி கட்டும்போது எனக்கு ஒரு சடங்கு இருக்கிறது, தேதி இது என்று ஆங்கிலத்தில் விளக்கி அனுப்பியதும் இரண்டு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

மீதி நான்கு நாள். ஒரு நாளுக்குக் காலை, மதியம் என்று இரண்டு செஷன், ஆக எட்டு. பத்து பள்ளி வாரங்களுக்குள் பத்து செஷன் அனுமதியில்லாமல் போனால்தான் ஃபைன் பற்றி யோசிப்பார்கள் என்பது 2024 ஆகஸ்டில் இங்கிலாந்து முழுவதற்கும் வந்த விதி. அந்த எண்ணிக்கைக்குக் கீழேயும் கவுன்சில் (ஊர் நிர்வாகம்) நினைத்தால் ஃபைன் நோட்டீஸ் அனுப்பலாம்தான், ஆனாலும் எட்டுதானே என்று தைரியமாக விமானம் ஏறினோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மார்ச்சில் ஃபைன் நோட்டீஸ் கவர் வந்தது.

டிசம்பரில் இரண்டு காலை, ரிஜிஸ்டரை மூடிய பிறகு மகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அப்படி வந்தால் அது வெறும் லேட் இல்லை, அனுமதியில்லாத ஒரு செஷன். எட்டும் இரண்டும் பத்து. நடுவில் கிறிஸ்துமஸ் போய்விட்டதே என்று நினைத்தால், எண்ணுவது பள்ளி நடக்கும் வாரங்களை மட்டும், லீவு வாரங்கள் அதில் சேராது. அந்த இரண்டு லேட்டில் ஒரு நாள் தண்ணீர்க் குழாய் உடைந்து சாலையையே மூடியிருந்தார்கள், அதை அன்றைக்கே ஆபீஸில் சொல்லிப் பதியச் சொல்லாமல் விட்டேன். கிளம்புவதற்கு முன் பிள்ளையின் வருகைப் பதிவை ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பாருங்கள், தயவுசெய்து.

பள்ளிக்குப் போன் செய்தால் "நோட்டீஸ் அனுப்புவது கவுன்சில்" என்றார்கள். கவுன்சிலில் நாற்பது நிமிடம் காத்திருந்தால் "பதிவு பள்ளியுடையது, அங்கே கேளுங்கள்" என்றார் ஒருவர். மேல்முறையீடு கிடையாதாம். ஆள் மாறி வந்திருந்தாலோ விதிப்படி அனுப்பாமல் இருந்தாலோ திரும்பப் பெறச் சொல்லலாம், அவ்வளவுதான். வருகை 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், கேட்டுவிடாதீர்கள். டெர்ம் நடக்கும்போது மகளைச் சுற்றுலா கூட்டிப் போன, ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் வழக்கில் 2017லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 'ஒழுங்காக' வருவது என்றால் பள்ளியின் விதிப்படி வருவது என்பதுதான் தீர்ப்பு.

அடுத்த தப்பு இன்னும் வலிக்கிறது. ஃபைன் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனி. சின்னவனுக்கு ஜனவரியில்தான் ஐந்து முடிந்தது, கட்டாயப் பள்ளி வயது ஏப்ரல் டெர்மில்தான் தொடங்கும், அதனால் அவனுக்கு வரவில்லை. மகளுக்காக எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இரண்டு கடிதமும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாகவே இருந்ததால் ஒன்றுக்கு மட்டும் நேரத்தில் கட்டிவிட்டு, இரண்டாவதைப் பிரதி என்று நினைத்து மேசை டிராயரில் வைத்துவிட்டோம். 21 நாளுக்குள் கட்டினால் 80, அதற்குப் பிறகு 28ஆம் நாள் வரை 160. 24ஆம் நாள் இவர் எதையோ தேடும்போது அது கையில் கிடைத்தது, மேலே இருந்த நோட்டீஸ் எண் வேறு. அந்த இரவே கட்டினோம். 28 நாளைத் தாண்டியிருந்தால் கோர்ட் வரை போயிருக்கும்.

கிளாஸ்கோவில் இருக்கும் சித்தி மகளிடம் புலம்பினேன், ஸ்காட்லாந்தில் இந்த ஃபைன் நோட்டீஸே கிடையாது என்கிறாள். இங்கே மூன்று வருடத்துக்குள் இதே மகளுக்காக இன்னொரு முறை வந்தால் ஆளுக்கு 160, சலுகையே இல்லை. மூன்றாவது முறை நோட்டீஸ் வராது, வழக்கே போடலாம், அதில் ஃபைன் 2,500 பவுண்டு வரை போகலாம். அடுத்த வருடம் மாமியாருக்கு எழுபது நிறைகிறது, ஊரில் விழா வைக்க நாள் பார்க்கிறார்கள். பள்ளியின் லீவுப் பட்டியலை நேற்றே மச்சினருக்கு அனுப்பிவிட்டேன், ஆகஸ்ட் கடைசியில் ஆவணி பிறந்ததும் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.