கரை சேர்ந்தவன் எல்லாம் கெட்டிக்காரனா?

1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்டது. 5ஆம் திகதிதான் கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டிருந்தார்கள். அடுத்தது இங்கே என்று எச்சரிக்கை வந்துவிட்டது. நங்கூரத்தில் நிற்கும் கப்பலை அடிப்பது எளிது. 9ஆம் திகதி காலை துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. ஆனால் தப்பப் போன ஹெர்மிஸ், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக் கடலில் தாண்டது. 300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வெளிக்கிட்டது மடத்தனம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. விமானம் ஒன்றுகூட இல்லாமல் அந்தக் கப்பல் கடலில் நின்றதே, குறை சொல்வதானால் அதைச் சொல்லலாம். அது முன்கூட்டியே தெரிந்த விடயம்.

ஊழையும் குற்றத்தையும் பிரிக்க இந்த ஒரு கேள்வி போதும்: அந்த நேரத்தில் விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும் என்றால் குற்றம். இல்லையென்றால் ஊழ்.

வாடைக்காலத்தில் கடற்கொந்தளிப்பு எச்சரிக்கையை மீறி இரண்டு வள்ளங்கள் போகின்றன என்று வையுங்கள். ஒன்று மீனோடு வருகிறது, மற்றது வரவில்லை. முதலாமவனைத் துணிந்தவன் என்போம், மற்றவனைச் சொல்வழி கேளாதவன் என்போம். இருவரும் செய்தது ஒரே காரியம். என் கணக்கில் திரும்பி வந்தவனால்தான் ஆபத்து அதிகம். நாளைக்கு அவனைப் பார்த்து நாலு பேர் இறங்குவார்கள்.

திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ், 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி. ஊழை விடப் பெரிய வலிமை எது என்று கேட்கிறது 380ஆம் குறள். தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பர் என்கிறது 620. நாம் வென்றால் 620, தோற்றால் 380. தோற்றது பக்கத்து வீட்டுக்காரன் என்றால் திரும்பவும் 620!

இந்தப் புரட்டைப் பிடிக்க ஒரு கொப்பி வேண்டும். காணி வாங்குவதோ, வேலையை விடுவதோ, முடிவெடுத்த அன்றே திகதி போட்டு எழுதுங்கள்: தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, யாரிடம் கேட்டேன், எந்தச் செய்தி வந்தால் மனதை மாற்றுவேன். பேனையால் எழுதுங்கள், பிறகு திருத்த வேண்டாம். விளைவு தெரிந்தபின் எழுதினால் பயனில்லை; 'அப்பவே நினைச்சனான்' என்று மனம் பழைய நினைவையே மாற்றி வைத்திருக்கும். நட்டம் வந்த பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்ப்பது அடுத்த பிழை. இலாபம் வந்த பக்கத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு பக்கத்தை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது, பத்துப் பதினைந்தாவது சேர வேண்டும்.