மொன்றியலில் ஸ்னோவோடு பழகியது

கனடாவில் மொன்றியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிரை உடுப்பால் சமாளிக்கலாம். உடம்போடு ஒட்டின தெர்மல் உள்ளுடுப்பு, மேலே கம்பளிச் சுவெற்றர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் இருந்தால் மைனஸ் 20இலும் பஸ்ஸுக்கு நிற்கலாம். உள்ளே பருத்தி பெனியன் மட்டும் வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி வைத்து, நின்ற இடத்தில் உடம்பைக் குளிரப்பண்ணும். என்னைப் பாடாய்ப் படுத்தியது ஸ்னோதான். வீட்டோடு பார்க்கிங் இல்லாமல் காரைத் தெருவில் விடுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

இங்கே வருடத்துக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவு ஸ்னோ கொட்டும். தெருக்கள் ஒடுக்கம் என்பதால் ஓரமாகத் தள்ளிவிட்டால் போதாது, அள்ளிக்கொண்டு போகவேண்டும். முதலில் சின்ன வண்டிகள் நடைபாதையைத் துப்புரவாக்கும். பெரிய வண்டிகள் தெருவில் கிடப்பதை நீளமாக வரம்பு கட்டும். பிறகு ஊதும் இயந்திரம் அதை லொறிக்குள் வீசிக்கொண்டு போகும். சென் மிஷேல் பகுதியில் இருக்கும் பிரான்கோன் என்ற பழைய கல்குவாரிக்குள் நிறைய லொறிகள் கொண்டுபோய்க் கொட்டும். அங்கே குவிந்தது அழுக்கேறிக் கறுத்து, கோடையிலும் உருகி முடியாமல் கிடக்கும்.

லொறி வருவதற்கு முன்னர், எத்தனை மணியிலிருந்து கார் நிற்கக்கூடாது என்று போட்ட செம்மஞ்சள் பலகைகளை ஸ்னோ மேட்டிலே குத்திவிட்டுப் போவார்கள். கடைசி எச்சரிக்கை சைரன். எடுக்காத காரை இழுத்துக்கொண்டுபோய் வேறு தெருவில் விடுவார்கள், தண்டமும் உண்டு. வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டதும் பைஜாமாவுக்கு மேல் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது வேலையால் வந்ததும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

2025 பெப்ரவரி நடுப்பகுதியில் இரண்டு புயல் அடுத்தடுத்து அடித்தது. நாலு நாளில் 70 சென்ரிமீட்டருக்கு மேல். காலமை இறங்கினால் எங்கள் தெருவில் கார்கள் இல்லை, வரிசையாக வெள்ளை மேடுகள்தான். கண்ணாடித் துடைப்பான் இரண்டையும் முதல்நாளே நிமிர்த்தி விட்டிருந்ததால் என்னுடையதைக் கண்டுபிடித்தேன். மேலே கிடந்தது பஞ்சு, தட்டினால் போய்விடும். வண்டி ஒதுக்கிவிட்டுப்போன வரம்புதான் சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. அதைச் சவளால் முதலில் துண்டு துண்டாக வெட்டவேண்டும்.

கீழ்வீட்டு அண்ணா அவருடைய காரைத் தோண்டிக்கொண்டே சத்தம் போட்டார். "தம்பி, முதல் பின்னால போய் சைலன்சர் குழாயைத் தோண்டி எடும். பிறகு ஸ்ரார்ட் பண்ணும்." புகைக்குழாய் ஸ்னோவால் அடைபட்டிருக்கும்போது என்ஜினைப் போட்டால் காபன் மொனொக்சைட் காருக்குள் ஏறும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சூடாகட்டும் என்று பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டுத் தோண்டுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அள்ளித் தூக்கி எறியாமல், முடிந்த மட்டும் தள்ளச் சொன்னதும் அவர்தான். ஈர ஸ்னோ நல்ல பாரம். அவசரப்பட்டு அள்ளி நெஞ்சுவலி வந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து பக்கத்து வீட்டு வயதான அம்மாவின் படிகளையும் துப்புரவாக்கினோம்.

இருட்டும் லேசுப்பட்டதில்லை. டிசம்பரில் பின்னேரம் நாலேகாலுக்கு முன்னரே சூரியன் போய்விடும். டொக்டர் சொல்லி விற்றமின் டி எடுக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சத் தூரம் வெளியே நடப்பேன். அந்த வெளிச்சம்தான் எனக்கு மாத்திரையைவிடத் தெம்பு. தைப்பொங்கல் கடுங்குளிருக்குள் வந்தாலும் அன்றைக்கு அநேகமாக வானம் வெளித்திருக்கும். அடுப்படி ஜன்னலால் வெயில் விழ, ஸ்ரவ்வில் பால் பொங்குவதைப் பிள்ளைகளோடு நின்று பார்ப்பேன்.

ஸ்னோ உருகத் தெருவில் போடும் உப்பால் சப்பாத்தில் படியும் வெள்ளைக் கறையை வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள், போய்விடும். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் கட்டாயம். மாற்றுவதற்கு ஒக்டோபரிலேயே கராஜில் நேரம் எடுத்து வையுங்கள். நவம்பரில் முதல் ஸ்னோ விழுந்த அன்று எல்லாரும் ஒன்றாகத்தான் போன் அடிப்பார்கள்.