யாஷ் நகரத்தில் ஓர் ஆலாபனை

புக்காரெஸ்டிலிருந்து யாஷ் போக ரயிலில் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். ருமேனியாவின் வடகிழக்கு ஓரத்தில், மால்டோவா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். க்ளெஸ்மர், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை, கேட்பதற்காகவே போனேன்.

பகலில் 1671-ஐ ஒட்டிக் கட்டிய பெரிய யூத ஆலயத்தைப் பார்த்தேன். ஆப்ரஹாம் கோல்ட்ஃபாடன் 1876-ல், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி நாடகத்தை மேடையேற்றியதும் இந்த ஊரில்தான். 1941 ஜூன் கடைசியில் இங்கே நடந்த படுகொலையில் 13,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் செத்துப்போனார்கள். அதை நினைத்துக்கொண்டே நடந்ததில் தெருக்களை ரசிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஒரு சின்ன அரங்கம். கிளாரினெட், வயலின், அப்புறம் சம்பல், நம் சந்தூர் போலக் கம்பிகளைக் குச்சியால் தட்டுகிற வாத்தியம், சந்தூருக்கு உறவும்கூட. தாளமே இல்லாமல் கிளாரினெட் தனியாக எழும்பியது, சம்பல் அடியில் சில சுரங்களைச் சேர்த்து ஒரே மாதிரி அதிரவிட்டுக்கொண்டிருந்தது. சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம்... என் காதுக்கு நம் ஹேமவதி ராகம்தான்! பிடிகள் வேறு, கமகம் வேறு. நம் சங்கீதத்துக்கும் அதற்கும் நேரடி உறவு ஒன்றும் கிடையாது, சுரங்கள் அப்படி அமைந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் சுரத்தின் நுனியில் தொண்டை அடைப்பது மாதிரி ஒரு விக்கல் வருகிறதே, க்ரெக்ட்ஸ் என்பார்கள், அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

இந்த வாசிப்புக்கு டொய்னா என்று பெயர், ருமேனிய மேய்ப்பர்களிடமிருந்து வந்தது. அதற்கு முன்னால் யூதக் கல்யாணங்களில் இந்த இடத்தில் வாசித்ததைத் தக்சீம் என்றார்கள், துருக்கிய இசையில் ஆலாபனைக்கு இருக்கிற அதே பெயர். க்ளெஸ்மரின் கிழக்கத்திய வாடை பழைய ஜெருசலேமிலிருந்து அப்படியே காப்பாற்றி வந்தது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பெரும்பங்கு வந்த வழி இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. யாஷைத் தலைநகராகக் கொண்ட பழைய மால்டேவியாவை 1711 முதல் 1821 வரை ஆண்டவர்களில் பெரும்பாலோர் இஸ்தான்புல் சுல்தான் நியமித்த ஃபனாரியட்கள், அதாவது அந்த நகரத்துக் கிரேக்கப் பிரபுக்கள். அவர்களோடு துருக்கிய, கிரேக்க இசையும் யாஷ் அரண்மனைக்கு வந்தது. இங்கே யூத வித்வான்களும் லவுத்தார் எனப்படும் ரோமா (ஜிப்ஸி) வாத்தியக்காரர்களும் ஒரே கச்சேரியில் சேர்ந்து வாசித்தார்கள், யார் யாரிடம் கற்றார்கள் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பிற்பாடு நியூயார்க்கில் நஃப்துலே பிரான்ட்வைன் கிளாரினெட்டில் பதிவு செய்த துண்டுகளைக் கேளுங்கள், துருக்கி நடை அப்பட்டமாகக் கேட்கும். டெர்க்கிஷ் என்றே ஒரு நடன வகை உண்டு.

கடைசியில் புல்கார். பெசராபியாவில், அதாவது இன்றைய மால்டோவாப் பக்கத்தில், பிறந்த நடனம். ஃப்ரேகிஷ் என்கிற சுரவரிசை, துருக்கியர்களின் ஹிஜாஸ் ராகத்துக்கு ரொம்ப நெருக்கம், நமக்கோ வகுளாபரணம். ஜனங்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கைகோத்து வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள், பக்கத்திலிருந்த பாட்டி என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். நாளைக்கும் வாசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டுவிட்டேன்.