விளம்பரம் பாட்டின் வாசலில் நிற்கட்டும்

செலவை விளம்பரதாரர் ஏற்றுக்கொள்ள, கேட்பவர் காசு எதுவும் கொடுக்காமல் பாட்டைச் சட்டப்படியே தரவிறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு ஒரு காலத்தில் மெய்யாகவே முயன்று பார்க்கப்பட்டது. எல்லாமே ஸ்ட்ரீமிங் என்றாகிவிட்ட இந்நாளில் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆனால் சென்னையில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஏற்பாடு இன்னும் தேவைப்படுகிறது. கச்சேரிகள் நடத்தும் நம் சபாக்கள் மனம் வைத்தால் நடக்கக்கூடியது என்றும் நம்புகிறேன்.

அமெரிக்காவில் 2007 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஸ்பைரல்ஃபிராக் என்ற இணையதளம் இவ்வகையில் பெரிதாகப் பேசப்பட்டது. யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் முந்தைய ஆண்டே அதனுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. பாட்டு இறங்கும் வரை திரையில் வரும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இறங்கிய கோப்போ பூட்டுப் போட்ட கோப்பு. அன்று ஊரெல்லாம் வைத்திருந்த ஐபாடில் அது ஒலிக்காது. தளத்துக்கு அவ்வப்போது திரும்பச் சென்று உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணினியிலும் ஒலிக்காது. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. கோப்பு கைக்கு வந்துவிட்டால் கேட்பவர் தளத்துக்குத் திரும்பி வருவதற்கு வேலையே இல்லை, அவர் வராவிட்டால் விளம்பரத்தைக் காட்டுவதற்கு ஆள் இல்லை, ஆனால் இசை நிறுவனத்துக்கு உரிய பங்கை மட்டும் கொடுத்தே ஆக வேண்டும். 2009 மார்ச்சில் அது மூடப்பட்டது.

பிரிட்டனில் பாடகர் பீட்டர் கேப்ரியல் துணை நின்ற வீ7 என்ற இசைத்தளம் இதைவிட நாகரிகமான வழியைக் கண்டது. பாட்டின் தொடக்கத்தில் சில நொடிகளுக்கு ஒரு விளம்பரம். அதன் பிறகு பாட்டு முழுமையாக, இடையூறின்றி ஒலிக்கும். சில வாரங்கள் கழித்து விளம்பரம் இல்லாத பிரதியையே எடுத்துக்கொள்ளலாம். கோப்பில் பூட்டு இல்லை. அதுவும் பின்னர் ஸ்ட்ரீமிங் பக்கம் சாய்ந்து, 2012-இல் டெஸ்கோ நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இருந்தாலும் அந்த முறைதான் சரியானது என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் 2014-இல் யூடியூப் காணொளிகளைக் காசில்லாமல் கைப்பேசியில் சேமித்து 48 மணி நேரம் வரை பார்க்கும் வசதியைக் கொடுத்தது. தரவிறக்கம் என்று சொல்லத்தக்க அளவில் இலவசமாகக் கிடைத்தவற்றுள் அதுவும் ஒன்று. 2019-இல் இங்கு வந்த ஸ்பாட்டிஃபையில் இலவசமாகக் கேட்கலாம். பாட்டை இறக்கி வைத்துக்கொள்வது கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும். கானா என்ற இசைச் செயலி 2022-இல் இலவசக் கேட்பையே நிறுத்திக்கொண்டது. ரீசார்ஜ் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்த காலத்தைச் சென்னையில் பலரும் அறிவோம். அதில் பாடியவருக்கோ எழுதியவருக்கோ ஒரு பைசாகூடப் போய்ச் சேர்ந்ததில்லை என்பதால், அது திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

சினிமாப் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து போனால் பொறுத்துக்கொள்ளலாம். கச்சேரி அப்படியல்ல. எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட யூடியூப் காணொளியில் நடுநடுவே விளம்பரம் நுழைய இடமுண்டு. அந்த இடங்களைப் பதிவேற்றியவர் பார்த்துப் பார்த்து அமைக்காமல் இயந்திரத்திடமே விட்டுவிட்டால், ராகத்தைச் சொல்லும் தாளமும் இல்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனைக்கும் பேச்சுக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. இரவில் விளக்கணைத்துவிட்டுத் தோடி ராக ஆலாபனை கேட்டுக்கொண்டிருப்பேன். பாடகர் தைவதத்தில் நின்று, நிஷாதத்தைத் தொட்டுத் தொட்டு மீண்டு, மேல் ஸ்தாயி ‘ஸ’வாகிய தார ஷட்ஜத்தை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருப்பார். வயலின் அவர் பின்னாலேயே நிழல்போல வந்துகொண்டிருக்கும். அந்த ஷட்ஜம் வந்து நிற்க வேண்டிய நொடியில் தங்க நகைக் கடன் விளம்பரம் இரண்டு மடங்கு சத்தத்தில் வெடிக்கும். ஐந்து நொடி கழித்துத் தவிர்த்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அரை மணி நேரமாகச் சேர்ந்து வந்த ராகம் அங்கே அறுந்துபோகிறது, அதைத் திரும்ப ஒட்டவைக்க முடிவதில்லை.

விளம்பரத்தோடு இலவச இசை என்பது சென்னைக்குப் புதிதும் அன்று. மார்கழியில் பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மேடையின் பின்திரையில் வங்கியின் பெயரும் அப்பளக் கம்பெனியின் பெயரும் இருக்கும், தொடங்குமுன் அவர்களுக்கு நன்றி சொல்வார்கள். அதன் பிறகு தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து மங்களம் பாடும் வரை எந்த விளம்பரதாரரும் குறுக்கே வருவதில்லை. வீ7 செய்ததும் ஏறக்குறைய இதையேதான்.

ஆகவே மதியக் கச்சேரிகளைச் சபாக்களே நல்ல முறையில் ஒலிப்பதிவு செய்து, தொடக்கத்தில் புரவலரின் பெயரைப் பத்து நொடி சொல்லி, பூட்டில்லாத எம்பி3 கோப்பாக இலவசமாகக் கொடுக்கலாம். சினிமாப் பாட்டில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர், இசை நிறுவனம் என்று உரிமை பல கைகளில் சிதறிக் கிடக்கும். கச்சேரியில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. நம் சட்டப்படி ஒருவர் இயற்றியதற்கான பதிப்புரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகளோடு முடிகிறது. தியாகராஜர் மறைந்தது 1847-இல். சியாமா சாஸ்திரியும் தீட்சிதரும் அவருக்கும் முன்பே மறைந்தவர்கள். சங்கீத மும்மூர்த்திகளான இம்மூவரின் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கோ 2033 முடியும் வரை உரியவர்களிடம் கேட்டாக வேண்டும். அத்தகைய சில பாடல்களுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்வது பெரிய காரியமல்ல.

இதில் எனக்குள்ள ஒரே நிபந்தனை பக்கவாத்தியக் கலைஞர்களைப் பற்றியது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நிகழ்ச்சியை வணிக முறையில் பயன்படுத்தினால் அதை நிகழ்த்தியவர்களுக்கு ராயல்டியில் உரிமை உண்டு என்கிறது. மதிய மேடையில் அமர்பவர்களில் பலர் இளைஞர்கள். போக்குவரத்துச் செலவுக்கே போதாத சன்மானத்துக்கு வாசிப்பவர்களும் உண்டு. புரவலர் கொடுக்கும் தொகையில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதை மேடையேறுமுன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு சபா முன்வந்தால், கோப்பின் தொடக்கத்தில் வரும் புரவலர் பெயரை ஒவ்வொரு முறையும் தள்ளிவிடாமல் முழுதாகக் கேட்பேன்.