சிப் செலக்ட் நடுவழியில் கைவிடுகிறது

மார்ச் 3, 2025, திங்கள்

போர்டில், எஸ்பிஐ என்ற சீரியல் பஸ்ஸில் இருப்பது வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128 ஃபிளாஷ் மெமரி சிப். அதன் அடையாள எண்ணை (ஐடி) கேட்டால் இஎஃப் 40 18 என்று ஒழுங்காகச் சொல்கிறது. 4 கேபி படிக்கச் சொன்னால் சில சமயம் பாதியிலிருந்து எல்லாமே எஃப்எஃப், அதாவது உண்மையான டேட்டா இல்லை. அதுவும் நெட்வொர்க்கில் பெரிய கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். கடிகார வேகத்தைக் குறைத்தால் தொல்லை குறைகிறது, அதனால் வயரிங் மேல் பழி போட ஆசை வரும். வயர் கோளாறு நெட்வொர்க்கைப் பார்த்தா வரும்?

மார்ச் 4

கோடுகளின் சிக்னலைப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசரை மாட்டினேன். 03 (படி) கட்டளை, 3 பைட் முகவரி, அப்புறம் டேட்டா. நடுவில் கடிகாரம் நிற்கிறது. கூடவே சிப் செலக்டும் (‘உன்னோடுதான் பேசுகிறேன்’ என்று சிப்புக்குச் சொல்லும் கோடு; பேசி முடியும்வரை கீழேயே இருக்க வேண்டும்) மேலே ஏறிவிடுகிறது. கடிகாரம் திரும்ப ஓடும்போது அது இறங்கினாலும், ஃபிளாஷைப் பொறுத்தவரை பழைய கட்டளை முடிந்துபோன கதை. அடுத்து வரும் பைட்டைப் புதுக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

இது பழுதல்ல. இந்த பஸ்ஸை ஓட்டும் டிசைன்வேர் எஸ்எஸ்ஐ கண்ட்ரோலரின் வடிவமைப்பே அப்படி: அனுப்பும் ஃபிஃபோ (பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் சிறு கிடங்கு) காலியானால் தன் சொந்த சிப் செலக்டைத் தானே விட்டுவிடும். படிப்பதற்கும் வெற்று பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; சிபியு வேறு இன்டரப்டில் (நெட்வொர்க் போன்றவை இடையில் புகுந்து கேட்கும் அவசர வேலை) மாட்டினால் ஃபிஃபோ வற்றிவிடும். ஐடி கேள்வி சில பைட்டுதான், மொத்தமும் ஃபிஃபோவுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அது தப்பித்தது.

எழுதும்போது இன்னும் மோசம். 02 (எழுது) கட்டளையில் சிப் செலக்ட் ஏறுவதே ‘இனி எழுது’ என்ற சைகை. பாதிப் பக்கம் பதிவாகிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது.

புதிய லினக்ஸ் கெர்னலில் கண்ட்ரோலரின் டிரைவரே இன்டரப்டை நிறுத்திவைத்து ஃபிஃபோவை நிரப்புகிறது. எங்களுடையது பழைய கெர்னல். இருந்தாலும் ஒரு ஃபிளாஷுக்காக இன்டரப்டை நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 6

சிப் செலக்டைக் கண்ட்ரோலரிடம் விடாமல், மென்பொருளே ஏற்றி இறக்கும் சாதாரண பின்னிடம் (ஜிபிஐஓ) கொடுக்க முடிவு செய்தேன். அதற்காக, போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் சிஎஸ்-ஜிபிஐஓஸ் என்ற பட்டியலைச் சேர்த்தேன். அது மட்டும் போதாது, பின்னின் வேலையைத் தீர்மானிக்கும் பின்கண்ட்ரோலில் அதே பின்னை ஜிபிஐஓவாக மாற்றவும் வேண்டும். இன்னொரு சங்கதி: எந்த சிப் என்று தேர்ந்தெடுக்கும் எஸ்இஆர் ரெஜிஸ்டரில் ஒரு பிட்டாவது ஏற்றாவிட்டால் இந்தக் கண்ட்ரோலர் கடிகாரத்தையே ஓட்டாது. ஆகவே ஜிபிஐஓ வேலை செய்தாலும் அந்த பிட்டை ஏற்றும் டிரைவரின் செட்_சிஎஸ் ஃபங்ஷனும் கூப்பிடப்பட வேண்டும். அதற்கென்றே கெர்னலில் ஜிபிஐஓ_எஸ்எஸ் என்ற கொடி இருக்கிறது. எங்கள் டிரைவரில் அது இல்லை, சேர்த்துவிட்டேன்.

மார்ச் 7

நெட்வொர்க் நெரிசலிலும் படிப்பு சுத்தம். அதே பஸ்ஸில் உள்ள வெப்பநிலை சென்சாருக்கு ஒரு தடவைக்கு 2 பைட்தான். அது கண்ட்ரோலரின் சொந்தக் கோட்டிலேயே இருக்கட்டும் என்று சிஎஸ்-ஜிபிஐஓஸ் பட்டியலில் அதன் இடத்தில் 0 போட்டேன்.